திருநீற்றில் தெரிந்த எண்

நான் கெங்கவல்லி காவல் நிலையத்துக்குப் போனது துப்பாக்கி பார்க்க அல்ல. ஆத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கும்போது சட்டைப்பை லேசாக இருந்தது. போன் இல்லை. மனுவை வாங்கிப் படித்த ரைட்டர், பேனாவால் ஒரு இடத்தைத் தட்டினார்.

“ஐ.எம்.இ.ஐ. நம்பர் எழுதலீங்களே?”

பதினைந்து இலக்கம். அந்தப் போனின் விலை எனக்குத் தெரியும். பின்பக்கம் இடது மூலையில் கீறல் எப்படி விழுந்தது என்று தெரியும். அந்த எண் மட்டும் தெரியாது. “டப்பா மேல ஒட்டியிருக்கும். எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றார். எதிர்த்த டீக்கடைக்காரர் போனை வாங்கி வீட்டுக்குச் சொன்னேன். டப்பா வருகிறவரை மரத்தடி பெஞ்சில் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். 2024 மார்ச் கடைசி வாரம். பத்து மணிக்கே வெயில் பச்சைமலையை வெளுக்கடித்திருந்தது.

அன்றைக்குத்தான் துப்பாக்கிகள் வந்துகொண்டிருந்தன. மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு, ஏப்ரல் 19இல் இங்கே ஓட்டு. அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதி விலகிய பிறகு போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வருடம் வாக்கு எண்ணிக்கையே ஜூன் 4. கிட்டத்தட்ட இரண்டரை மாதம் துப்பாக்கிக்கு வெளியூர் வாசம்.

ஊருக்குள் துப்பாக்கி இவ்வளவு இருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. நடுவில் சுவேத நதி பாயும் சமவெளியில் மரவள்ளி, மக்காச்சோளம், பாக்கு. கிழங்கு வைத்தவனுக்குக் காட்டுப்பன்றிதான் கூட்டாளி. ஒரு ராத்திரியில் கால் ஏக்கரை மூக்கால் உழுதுவிட்டுப் போகும். “சுடறதுக்கு இல்லீங்க, சத்தத்துக்கு” என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்புகிறேன்.

வரிசையில் ஆறேழு பேர். ஒருவர் துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றி, வண்டியின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் கித்தான் உறை, அதற்கு ஜிப், ஜிப்புக்குப் பூட்டு. அவருடையது இரட்டைக் குழல். ரைட்டர் வாயில் அது ‘டிபிபிஎல்’. உரச்சாக்குக்காரருடையது ‘எஸ்பிஎம்எல்’: ஒற்றைக் குழல், வாய்ப்பக்கம் மருந்து கெட்டிக்கிற சாதி. ரைட்டர் துப்பாக்கியைப் பெரிதாகப் பார்க்கவில்லை. லைசென்ஸ் புத்தகத்தைப் பிரிப்பார், குழலைத் திருப்புவார், எண்ணை வாய்விட்டுப் படிப்பார், நோட்டில் எழுதுவார், அட்டையில் எழுதிச் சணலால் கட்டுவார், ரசீது கிழிப்பார். அவருக்குத் துப்பாக்கி என்றால் அந்த எண்தான்.

எனக்கும் அந்த வியாதி உண்டு. பழைய செங்கல்லைப் பார்த்தால் சூளைக்காரன் அழுத்திய எழுத்தைத் தேடுவேன். அரிவாள் என்றால் பட்டறைக் குறி. பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்து, “சொம்பை வாங்க வந்தியா, ஜாதகம் பார்க்க வந்தியா” என்று அத்தையிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆகவே பெஞ்சின் ஓரத்துக்கு, ரைட்டர் மேசை தெரிகிற கோணத்துக்கு, மெல்ல நகர்ந்துகொண்டேன்.

நான்காவதாக நின்றவர் பெரியவர். எழுபத்தைந்து இருக்கலாம். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, தோளில் துண்டு. துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வேட்டியைப் பிரித்ததும் எண்ணெய் வாசம் வந்தது. தேங்காய் எண்ணெய். குழல் கண்ணாடி மாதிரி மின்னியது. கட்டை பழையது அல்ல. பின்கட்டையின் ஓரத்தில் ஒரு தாமரை, உள்ளங்கை அகலத்துக்கு, இதழ் இதழாக. தம்மம்பட்டிக் கை. பக்கத்து ஊர்ச் சிற்பிகள் கதவுக்கும் தேருக்கும் செதுக்குகிற அதே தாமரையை ஒருவர் துப்பாக்கிக்கும் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். வாகை மரமாக இருக்க வேண்டும்.

ரைட்டர் குழலைத் திருப்பினார். திருப்பிய பக்கமே மறுபடி திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

“என்னங்க பெரியவரே, நம்பரைக் காணோம்?”

“இருக்குதுங்களே. எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்குது.”

“முந்தி இருந்துச்சு. இப்ப எங்க? எதை வெச்சுத் தேச்சீங்க?”

பெரியவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “உப்புத்தாளுங்க. வருசா வருசம் கவருமெண்டு முன்னால கொண்டாறமே, துரு இருந்தா மரியாதையா? நேத்து ராத்திரிகூட ஒரு தேய்ப்பு போட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் எட்டாம் பிரிவு முழுக்க இந்தக் குறிகளைப் பற்றியதுதான். துப்பாக்கியில் பொறித்த செய்தவர் பெயர், எண், வேறு அடையாளம் எதையும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, போலியாக அடிக்கக் கூடாது. குறி அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அழித்தது அவர்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. சட்டத்தை எழுதியவர்கள் திருடனையும் கொலைகாரனையும் நினைத்து எழுதியிருப்பார்கள். உப்புத்தாளோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு விசுவாசி அவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்.

“லைசென்ஸ்ல 3871னு இருக்கு. இங்க ஒரு மூணு மாதிரி தெரியுது, கடைசில ஒரு கோடு தெரியுது. நடுவுல ஒண்ணுமில்லை. நான் என்னன்னுங்க எழுதறது?”

பெரியவர் முகத்தில் வியர்வை வந்தது. திருநீற்றின் கீழ்ப்பட்டை கரைய ஆரம்பித்தது.

கித்தான் உறைக்காரர் அதுவரை பேசவில்லை. அறுபதை ஒட்டிய வயது. நிற்கிற நிலையிலேயே பட்டாளம் தெரிந்தது. கைகள் தொடையோடு ஒட்டி நின்றன. “நான் பார்க்கலாங்களா சார்?” என்று ரைட்டரிடம் கேட்டார். இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவர், அதாவது படையின் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு வங்கியில் செக்யூரிட்டி, அதுவும் முடிந்துவிட்டது. இதெல்லாம் அவர் மற்றவர்களிடம் சொன்னது, எனக்குக் காதில் விழுந்தது.

துப்பாக்கியை வாங்கியதும் முதலில் வாயைக் கீழே சாய்த்து, குதிரையைத் தொட்டுப் பார்த்தார். கேப்பு இல்லை. பிறகு எண்ணைத் தேடவில்லை. கட்டையைத் தடவினார்.

“இது மாத்துனது.”

“ஆமாங்க மிலிட்டரி. பழசு செல்லரிச்சுப் போச்சு.”

“மரம் எதுவும் சொல்லாதுங்க. இரும்புதான் சொல்லும்.”

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்காமல் குறுக்கே, கிடைவாட்டில் பிடித்து, அப்படியும் இப்படியும் உருட்டினார். கல்வெட்டு படிக்கிறவர்கள் உச்சிவெயிலில் படிக்க மாட்டார்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் விழும்போது பார்ப்பார்கள். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழுந்து நிற்கும். இவருக்கும் அதே கணக்கு.

உருட்டிக்கொண்டே பக்கத்தில் நின்ற இளம் காவலருக்குக் கதை சொன்னார். தொண்ணூறுகளில் காஷ்மீரில் பிடிபட்ட ஆயுதங்களுக்குப் பட்டியல் எழுதிய கதை. “குறி அழிச்சது ஒரு குவியல், அழிக்காதது ஒரு குவியல், அழிச்சுட்டு வேற அடிச்சது ஒரு குவியல். முக்கோணத்துக்குள்ள 66னு இருந்தா சீனா. அதுதான் ஜாஸ்தி. ஒரே ஒரு தடவை பழைய ரஷ்யன் ஒண்ணு வந்துச்சு தம்பி. போல்ட்டு இழுக்கறது. எங்க சுபேதார் சாப்புக்கே வயசு அதைவிடக் கம்மி. குழல் வேருல ஒரு நட்சத்திரம், உள்ள அம்பு.”

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. நட்சத்திரம் என்றால் துலா. சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்காமல் துப்பாக்கி அறிவைக் காட்டுவது நல்லதில்லை.

ஆனால் இங்கே எழுதலாம். அவர் பார்த்தது மோசின்-நாகாந்த். ஜார் காலத்தில் 1891இல் ஏற்கப்பட்டு, புரட்சியையும் இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, சுமார் 3.7 கோடி வரை செய்யப்பட்ட துப்பாக்கி. அதன் குழல் வேரில் ஒரு விரற்கடை இடத்துக்குள் ஒரு நாட்டின் சரித்திரமே நெரிசலாக உட்கார்ந்திருக்கும். ஐந்து முனை நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் துலா நகரத்து ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். பக்கத்தில் ஆண்டு. ஆண்டை ஒட்டிச் சின்னதாக ஓர் எழுத்து: நம் ‘ட’வைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. ‘கோத்’ என்ற ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. ஆண்டு என்று பொருள். 1943க்குப் பக்கத்தில் கவிழ்ந்த ட.

அந்த 1943ஐ விரலாலேயே படிக்கலாம் என்பார்கள். 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் துலாவை நெருங்கியபோது ஆலையைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். சுமை இஷெவ்ஸ்க்கின் தலையில் விழுந்தது. இழைத்து மெருகேற்ற அவகாசம் இல்லை. அந்த ஆண்டுகளின் முக்கோணத் துப்பாக்கிகளில் கடைசல் இயந்திரம் ஓடிய வரிகள் அப்படியே நிற்கும். அதற்கு முந்தைய ஜார் காலத்துக் குழல்களிலோ வேலை வழவழப்பு. ஆனால் அங்கிருந்த இரட்டைத் தலைக் கழுகைப் பிற்பாடு சிலவற்றில் அராவி எடுத்திருப்பார்கள். அராவிய பள்ளமே ஒரு குறி.

எண் ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. குழலில், போல்ட்டில், தோட்டா அறையின் அடித்தகட்டில், பின்கட்டைத் தகட்டில் என்று நான்கு இடம். நான்கும் ஒன்றாக இருந்தால் நான்கும் ஒன்றாகப் பிறந்தவை. போர் முடிந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பிரித்து, கழுவி, கிடைத்ததைக் கிடைத்ததோடு பூட்டினார்கள். ஒன்றின் போல்ட் இன்னொன்றின் குழலுக்குப் போயிற்று. பழைய எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்து, குழலின் எண்ணை மின்சாரப் பேனாவால் கையெழுத்தாக எழுதினார்கள். பழுது பார்த்த கிடங்கின் அடையாளமாக ஒரு சதுரம், அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு. எண்ணெய்க் களிம்பு பூசிப் பெட்டியில் அடுக்கினார்கள். சோவியத் உடைந்த பிறகு அந்தப் பெட்டிகள் கப்பல் ஏறி அமெரிக்கக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இறக்குமதி செய்தவரும் தன் பெயரை அடித்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்துக்காரர்களிடம் சிக்கியதென்றால் ஒரு கட்டத்துக்குள் ‘எஸ்.ஏ.’ வேறு இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் கையெழுத்துப் போட்ட பாகப்பத்திரம் மாதிரி.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். நம் போலீஸ் பிடித்து நின்ற .303இன் கழுத்துப் பட்டையில் ஒரு காலத்தில் கிரீடம், அதன் கீழே ராஜாவின் எழுத்து, அதன் கீழே இஷாப்பூர் என்று ஊர், ஆண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் போய்ச் சிங்கம் வந்தது. அதே வங்காளத்து ஆலை.

நான் இதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. தேர்தலுக்கு வந்திருந்த மத்தியப் படை. ஓர் இளைஞன் இறங்கித் தண்ணீர்க் கேனை நோக்கி வந்தான். மீசை இன்னும் முழுதாக இறுகவில்லை. மார்புக்குக் குறுக்கே ஏ.கே. குனிந்து டம்ளரைப் பிடிக்கும்போது துப்பாக்கியின் வலப்பக்கம் எங்கள் பெஞ்சுக்கு நேராக வந்தது.

ஆர்மரர் கையில் பெரியவரின் குழல் இருந்தபடியே, கண் அங்கே போயிற்று. எனக்கும். நெம்புகோல் நகரும் இடத்தில் இரண்டு குறிகள்: மேலே படுக்கப்போட்ட ஒரு 8, கீழே ஒரு 1.

“அது ரஷ்யாதானுங்க சார்?” என்றார் இளம் காவலர்.

“ஹங்கேரி. ரஷ்யான்னா எழுத்து இருக்கும். மேல ஏ, பி மாதிரி ரெண்டு. கீழ ஒரு ஓ, பக்கத்துல கால் வெச்ச வீடு மாதிரி ஒண்ணு. கிழக்கு ஜெர்மனின்னா டி, ஈ. போலந்துன்னா சி, பி. துப்பாக்கி எல்லாம் ஒண்ணுதான். பாஷைதான் வேற.”

“படுத்த எட்டுன்னா?”

“விட்ட விரலை எடுக்கறவரைக்கும் கணக்கில்லாம போகும். கீழ இருக்கறது, ஒண்ணு ஒண்ணா.”

கணக்கில்லாதது, ஒன்று. அந்த இளைஞன் தண்ணீர் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். தன் இடுப்பருகே என்ன எழுதியிருக்கிறதென்று நான்கு பேர் படித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. பெரியவருக்கு வணக்கம் மாதிரி ஒரு தலையசைப்பு. பெரியவர் கவனிக்கவில்லை. அவர் கண் தன் குழலைவிட்டு நகரவே இல்லை.

ஆர்மரர் இப்போது குழலின் வேரில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் ஓரிடத்தில் தட்டியது.

“இருக்குது” என்றார். “சாக்பீஸ் இருக்குங்களா சார்?”

ரைட்டர் இழுப்பறையைத் திறந்தார், மூடினார். சாக்பீஸ் இல்லை.

“பெரியவரே, திருநீறு வெச்சிருக்கீங்களா?”

பெரியவர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலைக்குக் கீழே, ஒரு மடித்த காகிதம். ஆர்மரர் முதலில் துண்டை வாங்கி அந்த இடத்து எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தார். ஒரு சிட்டிகை திருநீற்றைக் கட்டைவிரலால் எடுத்து, குழலின் மேல் வட்டமாக, அழுத்தித் தேய்த்தார். இரும்பு சாம்பல் பூத்தது. பிறகு உள்ளங்கையின் ஓரத்தால், ஒரே இழுப்பாக, இலேசாக வழித்தார்.

மேலே இருந்தது போயிற்று. பள்ளத்தில் இருந்தது தங்கியது.

முதலில் ஒரு 3. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகச் சுத்தியல் போட்டு அடித்திருக்கிறார்கள். அது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கடைசியில் ஒரு 1. அதற்கு முன்னால் ஒரு 7, குறுக்குக்கோடு மெலிந்து. இரண்டாவது இலக்கம்தான் தகராறு. வலப்பக்கம் இரண்டு வளைவு நன்றாக விழுந்திருந்தது. இடப்பக்கம் வெறும் இரும்பு.

“மூணா, எட்டா?” என்றார் ரைட்டர். 3371 என்றால் வேறு ஒருவருடைய துப்பாக்கி.

வரிசையே மேசையைச் சுற்றி வந்துவிட்டது. உரச்சாக்குக்காரர் “எட்டுங்க” என்றார், பார்க்காமலேயே. ஆர்மரர் பேசவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்தார். இந்த முறை தேய்க்கவில்லை, ஊதினார். குழலை வாசல் வெளிச்சத்துக்குக் கிடையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். முதல் எண்ணான 3ஐயும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முதல் மூணுக்கு மேல்மொனையும் கீழ்மொனையும் திறந்து நிக்குது பாருங்க சார். இதுல மொனையே இல்லை. மேலயும் கீழயும் வளைஞ்சு உள்ள போகுது. இந்தா, இங்க ஒரு மயிரிழை இருக்கு. பஞ்சை நேரா வெக்காம அடிச்சிருக்கான். வலது பக்கம் ஆழம், இடது பக்கம் மேலாப்புல. மேலாப்புல இருந்ததை இவரு தேச்சுட்டாரு. எட்டுதான்.”

ரைட்டர் பூதக்கண்ணாடி மாதிரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எட்டப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செய்தவர் பெயர் இருந்த இடத்திலும் வெள்ளை தங்கியிருந்தது. அதில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும், எந்த ஊர் என்று சொல்லமுடியாதபடி. ஆர்மரர் “முங்கேர் வேலையா இருக்கும்” என்றார். பீகாரில் இருக்கிறது அந்த ஊர். 18ஆம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் ஆயுதப் பட்டறை வைத்ததிலிருந்து துப்பாக்கிக்குப் பேர்போனது. ஆனால் அதை அவர் அடித்துச் சொல்லவில்லை. எட்டை மட்டும்தான் அடித்துச் சொன்னார்.

“எட்டு” என்று ரைட்டரும் சொன்னார். பேனாவைத் திறந்து எழுதினார். 3871.

பெரியவர் அப்போதுதான் மூச்சு விட்டார். ரசீதை வாங்கி, படிக்காமல், நான்காக மடித்துச் சுருக்குப்பையில் திருநீற்றுக் காகிதத்தோடு வைத்தார். இளம் காவலர் அட்டையைக் கட்டிவிட்டுக் குழலைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

“அழிச்சுராதீங்க சாமி. அப்படியே இருக்கட்டும். வாங்கறப்ப மறுபடி தேட வேணாம்.”

“இனிமே உப்புத்தாள் போடாதீங்க” என்றார் ஆர்மரர். “எண்ணெய் மட்டும் போதும். அதுவும் தேங்கா எண்ணெய் வேணாம், மிசின் எண்ணெய்.”

“துரு ஏறிக்குமேங்க?”

“ஏறட்டும்.”

பெரியவருக்கு அது ஏற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜூன் மாதம் வாங்கிப்போனதும் என்ன செய்வார் என்று நான் பந்தயம் கட்டத் தயார். வெறும் வேட்டியை உதறி மடித்தார். வந்தபோது இரண்டு கையும் நிறைந்திருந்தது. போகும்போது அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியையே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். நெற்றியில் இரண்டு பட்டைதான் மிச்சம்.

ஆர்மரரின் இரட்டைக் குழலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எண் பளிச்சென்று இருந்தது. குழலிலும் பூட்டிலும் ஒரே எண். நான் அவரோடு பேச நினைத்தேன். அவர் ஜிப்பை மூடி, வெற்று உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

தம்பி மகன் சைக்கிளில் வந்து இறங்கினான். போன் டப்பாவைக் கையில் கொடுத்தான். மேலே கோடு கோடாக ஒரு பட்டை, அதன் கீழே எறும்பு வரிசை மாதிரி இலக்கங்கள். ஸ்டிக்கரின் ஒரு மூலையை யாரோ, நானாகத்தான் இருக்கும், பேசிக்கொண்டே சுரண்டியிருந்தார்கள். எண் தப்பித்திருந்தது.

“வாங்க சார்” என்றார் ரைட்டர். “சொல்லுங்க.”

அன்றைக்கு அந்த இடத்தில் நான் வாய் திறந்தது அப்போதுதான்.

“எட்டு... ஆறு...”